லாக் நட்டும் உராய்வும்: சாவி தொலைந்தால் வீலைக் கழற்றுவது எப்படி?

போன எபிசோடில் பாஸ்வேர்டு மேனேஜர் பற்றிப் பேசினோம். எவ்வளவு பலமான பூட்டுப் போட்டாலும், சாவி தொலைந்தால் திரும்ப உள்ளே வர ஒரு வழியை முதலிலேயே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள் என்று முடித்திருந்தேன். ஊருக்கு உபதேசம் சொன்ன நான், அதே தப்பை என் கார் வீலில் பண்ணி வைத்திருந்தேன். இன்றைக்கு அந்தக் கதைதான். கதையோடு சேர்த்து, லாக் நட்டு சாவி தொலைந்தால் என்னென்ன வழி இருக்கிறது, எதை எப்போது செய்யக் கூடாது என்பதையும் பார்த்துவிடலாம்.

தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. நானும் அப்பாவும் விருதுநகரிலிருந்து சிவகாசிக்குப் போய் வெடி வாங்கிக்கொண்டு திரும்பி வந்துகொண்டிருந்தோம். மறுநாள் காலை 7:30-க்கு அப்பாவுக்கு மதுரையில் ஆஸ்பத்திரி அப்பாயின்ட்மென்ட். நெஞ்சு சம்பந்தப்பட்ட டெஸ்ட். இரண்டு பேரும் வெளியே காட்டிக்கொள்ளவில்லை, ஆனால் இரண்டு பேர் மனதிலும் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. திருத்தங்கல் தாண்டி, ரோட்டுக்கு இரண்டு பக்கமும் பட்டாசுக் கடைகள் வரிசையாக இருக்கும் இடம். ஒரு லாரிக்கு ஒதுங்கப்போய், ரோட்டோரக் கல்லில் முன் இடது டயர் ஏறி இறங்கியது. இறங்கிப் பார்த்தால் டயரின் பக்கவாட்டில் இரண்டு விரல் நீளத்துக்குக் கிழிசல்.

ஆணி குத்தின பஞ்சர் என்றால் பிரச்சினையே இல்லை. ட்யூப்லெஸ் டயரில் வீலைக் கழற்றாமலே புழுவை ஏற்றிவிட்டுப் போய்விடலாம். பக்கவாட்டில் கிழிந்தால் அந்த டயர் முடிந்தது. ஸ்டெப்னி மாற்றித்தான் ஆக வேண்டும். டிக்கியில் இருந்த வெடிப் பெட்டிகளை எடுத்து வெளியே வைத்துவிட்டு, அடியில் இருந்த ஜாக்கியையும் ஸ்பேனரையும் எடுத்தேன். நான்கு நட்டில் மூன்று சாதாரணமாக இளகின. நாலாவதில் ஸ்பேனர் உட்காரவே இல்லை. அது லாக் நட்டு.

லாக் நட்டு என்றால் என்ன?

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அலாய் வீலுக்கு நல்ல விலை இருக்கிறது. ராத்திரி தெருவில் நிறுத்தின காரைக் காலையில் பார்த்தால் செங்கல் மேல் நிற்கும். அதைத் தடுக்கத்தான் ஒவ்வொரு வீலிலும் ஒரு நட்டை மட்டும் வேறு மாதிரி வைக்கிறார்கள். வெளிப்பக்கம் ஆறு முனை இருக்காது. வழவழவென்று உருண்டையாக இருக்கும். முகத்தில் பூ மாதிரி ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்துகிற ஒரு சின்ன இரும்புத் துண்டுதான் சாவி. கட்டைவிரல் அளவுதான் இருக்கும். அதை நட்டில் பொருத்தி, அதன் மேல் ஸ்பேனரைப் போட்டுக் கழற்ற வேண்டும்.

என் சாவி எங்கே? இரண்டு மாதத்துக்கு முன் வீல் அலைன்மென்ட் பண்ணக் கொடுத்திருந்தேன். வேலை முடிந்ததும் சாவி சாக்கெட்டிலேயே மாட்டிக்கொண்டு அந்தக் கடையிலேயே தங்கிவிட்டது. இது என் ஊகம்தான், ஆனால் லாக் நட்டு சாவிகள் பெரும்பாலும் தொலைவது இப்படித்தான். வண்டியை வாங்கும்போது நானும் சரிபார்க்கவில்லை. ஆகவே தப்பு என்னுடையதும்தான்.

அப்பா டாஷ்போர்டு, சீட்டுக்கு அடியில், கதவுப் பை எல்லாம் தேடினார். நான் டிக்கியில் விரிப்பைத் தூக்கிப் பார்த்தேன், ஸ்டெப்னியின் நடுக்குழியைப் பார்த்தேன். உங்களுக்கு இப்படி ஆனால் நீங்களும் முதலில் இங்கெல்லாம் தேடுங்கள். ஸ்டெப்னிக் குழிதான் பலர் வைத்து மறக்கிற இடம். எங்களுக்குக் கிடைக்கவில்லை.

"டிக்கில என்ன இருக்கு?"

பக்கத்தில் இருந்த வெடிக்கடைக்காரர் ஒரு பஞ்சர் கடை நம்பர் கொடுத்தார். பத்து நிமிடத்தில் ஒரு அண்ணன் டிவிஎஸ் எக்ஸெல்லில் கருவிச் சாக்கோடு வந்து சேர்ந்தார். அதற்குள் நான் யூடியூபில் மூன்று வீடியோ பார்த்து முடித்திருந்தேன். வந்தவரிடம் நானே தீர்வும் சொன்னேன்.

"அண்ணே, உங்க கடைப்பக்கம் வெல்டிங் பட்டறை இருக்குல்ல? அந்தச் சின்ன மெஷினைக் கொண்டு வந்து, இது மேல ஒரு சாதா நட்டை வச்சு ஒட்டிட்டா கழட்டிரலாம். கரண்டு இந்தக் கடையிலயே எடுத்துக்கிடலாம்."

அவர் என்னைப் பார்த்தார். கீழே வைத்திருந்த பெட்டிகளைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "தம்பி, டிக்கில என்ன இருக்கு?"

"வெடிண்ணே."

"ரெண்டு பக்கமும் என்ன கடை?"

நான் பதில் சொல்லவில்லை.

"எங்க வீட்டுக்காரி பட்டாசு ஆபீசுக்குத்தான் போறா. செல்போன் கொண்டு போகக் கூடாது, செருப்பக் கழட்டணும், செம்புத் தகட்டத் தொட்டுட்டுத்தான் உள்ள காலெடுத்து வைக்கணும். நீங்க என்னன்னா வெடிக்கடையில கரண்டு எடுத்து வெல்டு அடிக்கச் சொல்றிக."

நான் இன்ஜினியரிங் படித்தவன், அதுவும் இதே மாவட்டத்துக்காரன். 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி விபத்து நடந்த அன்று நான் ஒன்பதாம் வகுப்பு. ஆசிரியர் தினம். மத்தியானத்துக்கு மேல் ஆம்புலன்ஸ் சத்தம் ஓயவே இல்லை. அந்த ஒரே ஆலையில் 40 பேர் பக்கம் இறந்துபோனார்கள். முதல் வெடிச் சத்தம் கேட்டு உதவி செய்யவும் பார்க்கவும் ஓடிவந்தவர்கள் பலர் அதில் உண்டு. இதெல்லாம் தெரிந்தும், கையில் ஒரு அவசரம் வந்ததும் எனக்கு எதுவும் ஞாபகம் வரவில்லை. அதுதான் இன்று வரை எனக்கு உறுத்துகிறது.

அப்பாவின் டெஸ்ட் பற்றிச் சொன்னேன். அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "காலைல ஆஸ்பத்திரி போகணும்னா டாக்சி புடிச்சிப் போங்க. கார் நாளைக்குக்கூட வரும். நட்டு எங்கயும் ஓடிறாது. அவசரத்துல எதுவும் பண்ண வேணாம்."

நியாயமாக எனக்கே தோன்றியிருக்க வேண்டியது.

எங்கள் வரிசை

முதல் வேலை, இடத்தை மாற்றுவது. வெடிப் பெட்டிகளை வாங்கின மாதிரியே கடைக்காரரிடம் கொண்டுபோய் வைத்தோம். மறுநாள் எடுத்துக்கொள்ளச் சொன்னார். இளக்கின மூன்று நட்டையும் திரும்ப இறுக்கிவிட்டு, காரை நடக்கிற வேகத்தில் உருட்டிக்கொண்டு கடைகளைத் தாண்டி ஒரு வெட்டவெளிக்குப் போனோம். "டயர் போனது போனதுதான். ரிம் அடிபடாமப் பாத்துக்கிடுங்க" என்றார்.

இரண்டாவது, சாவி ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. சாக்கிலிருந்து ஒரு கம்பி வளையத்தை எடுத்தார். அதில் பதினொரு சாவிகள். எல்லாம் யாரோ அவர் கடையில் மறந்துவிட்டுப் போனவை. ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். நம்ம பாஷையில் ப்ரூட் ஃபோர்ஸ். இது வேலை செய்ய வாய்ப்பு உண்டு, ஏனென்றால் ஒரு கம்பெனி கணக்கில்லாத வடிவங்களில் லாக் நட்டு செய்வதில்லை. குறிப்பிட்ட சில வடிவங்கள்தான். ஷோரூம்களில் மாஸ்டர் செட் வைத்திருப்பதும் அதனால்தான். ஏழாவது சாவி கிட்டத்தட்டப் பொருந்தியது. நான் "அதையே போட்டு முறுக்குங்கண்ணே" என்றேன். அவர் மறுத்துவிட்டார். கிட்டத்தட்டப் பொருந்துகிற சாவியைப் போட்டு அழுத்தினால் பூப்பள்ளம் மழுங்கிவிடும். அப்புறம் சரியான சாவியே கிடைத்தாலும் பிடிக்காது.

மூன்றாவதுதான் அடிக்கிற வேலை. நட்டின் வெளிவட்டத்தை அளந்து, அதைவிட ஒரு நூல் சின்னதாக, உள்ளே பன்னிரண்டு முனை உள்ள ஒரு பழைய சாக்கெட்டை எடுத்தார். ரிம்மில் படாமல் இருக்கச் சுற்றிலும் அட்டையை மடித்து வைத்தார். சாக்கெட்டை நட்டின் மேல் நேராக வைத்து, சுத்தியலால் அடித்து ஏற்றினார். சாக்கெட் முனைகள் நட்டைக் கடித்துக்கொண்டு உட்காரும். இரும்பும் இரும்பும் மோதினாலும் பொறி வரலாம். அவர் முதலில் இடத்தை மாற்றியதற்குக் காரணம் எனக்கு அப்போதுதான் முழுதாகப் புரிந்தது.

கழற்றும் முன் இன்னொன்று செய்தார். மற்ற மூன்று நட்டுகளையும் இன்னும் கொஞ்சம் இறுக்கினார். கழற்ற வேண்டிய நேரத்தில் ஏன் இறுக்குகிறார் என்று எனக்குக் குழப்பம். வீலை அழுத்திப் பிடிக்கிற பாரத்தை அந்த மூன்றும் கூடுதலாக வாங்கிக்கொண்டால், லாக் நட்டின் மேல் இருக்கிற பாரம் குறையும். அவர் இதை ஃபார்முலா போட்டுச் சொல்லவில்லை. "நாலு பேரு தூக்குற சுமையில மூணு பேரு தம் கட்டுனா நாலாவது ஆளு கைய எடுத்துக்கிடலாம்ல" என்றார்.

பிறகு நீளமான தண்டில் ஒரு பைப்பைச் சொருகி, வெட்டி இழுக்காமல், ஒரே சீராக அழுத்தினார். கார் நாலு சக்கரத்திலும் தரையில் நிற்கும்போதே இதைச் செய்ய வேண்டும். ஜாக்கியில் ஏற்றிவிட்டுச் செய்தால் வண்டி சரிந்துவிடும். "டக்" என்று ஒரு சத்தம். எனக்குச் சாக்கெட் உடைந்துவிட்டது என்று நினைப்பு. நட்டுதான் இளகியிருந்தது.

மொத்தம் ஒன்றேகால் மணி நேரம். லாக் நட்டு இருந்த இடத்தில் அதே மரையுள்ள சாதாரண நட்டு ஒன்றைப் போட்டுக் கொடுத்தார்.

ஏன் இவ்வளவு கஷ்டம்?

ஒரு நட்டை முறுக்கும்போது நாம் கொடுக்கிற முறுக்கு விசையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுத்துப் பிடிக்கப் போகிறது. மீதி எல்லாம் மரையிலும் நட்டின் அடிப்பரப்பிலும் உள்ள உராய்வுக்கே செலவாகிறது. நட்டு தானாகக் கழன்று ஓடாமல் இருப்பதும் அந்த உராய்வால்தான். சின்ன கார்களுக்குப் பொதுவாக 85 முதல் 125 நியூட்டன் மீட்டர் வரை போதும். அரை மீட்டர் தண்டின் நுனியில் 20, 25 கிலோ எடை தொங்குகிற அளவு. உங்கள் காரின் சரியான அளவு கையேட்டில் இருக்கும். ஆனால் ஏர் கன்னை வைத்து ஒரு அழுத்து அழுத்தினால் அது இரண்டு, மூன்று மடங்குக்குப் போய்விடும். துருவும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். லாக் நட்டு சாவிக்கு ஏர் கன் போடவே கூடாது. பூ உடைந்துவிடும். கையால்தான்.

உராய்வு என்கிற அதே வார்த்தையைத்தான் எங்கள் மாவட்டச் செய்தியில் அடிக்கடி பார்ப்போம். "மருந்து கலக்கும்போது உராய்வு ஏற்பட்டு" என்றுதான் அந்த வரி ஆரம்பிக்கும். கல்லூரியில் நான் உராய்வைக் கணக்காகப் படித்தேன். அந்த அண்ணனுக்கு அது தினமும் வீட்டை விட்டு வேலைக்குப் போகிற ஆளைப் பற்றிய விஷயம்.

நீங்கள் செய்ய வேண்டியது

இன்று ராத்திரியே டிக்கியைத் திறந்து லாக் நட்டு சாவி இருக்கிறதா என்று பாருங்கள். சாவி வந்த பையிலோ அட்டையிலோ ஒரு கோடு எண் இருக்கும். அதைப் போட்டோ எடுத்து வையுங்கள். எண் இருந்தால் புதுச் சாவி வரவழைக்கலாம். வண்டியைச் சர்வீஸ் விட்டு எடுக்கும்போது சாவியைக் கேட்டு வாங்குங்கள். பழைய கார் வாங்குகிறவர்கள் ஆர்சி புக்கைக் கேட்கிற மாதிரி இதையும் கேளுங்கள்.

தொலைந்துவிட்டால், அவசரம் இல்லையென்றால் ஷோரூம் மாஸ்டர் செட்டை முதலில் முயலுங்கள். அடுத்தது, உள்ளே இடதுபுரி மரை வெட்டின ரிமூவர் சாக்கெட். திருப்பத் திருப்ப நட்டை இறுக்கமாகக் கடித்துக்கொள்ளும். என் காரின் மற்ற மூன்று வீலிலும் இருந்த லாக் நட்டுகளை விருதுநகரில் ஒரு கடையில் இப்படித்தான் கழற்றினார்கள். சில லாக் நட்டுகளில் வெளிவளையம் தனியாகச் சுற்றும். அதில் சாக்கெட் அடிப்பது வேலைக்கு ஆகாது. வளையத்தை முதலில் எடுக்க வேண்டும். அதைப் பழகினவரிடம் விடுங்கள்.

வெல்டிங், கிரைண்டர் எல்லாம் கடைசி வழி. அதுவும் பட்டறையில், பழகினவர் கையில் மட்டும். வெடி பக்கத்தில் இல்லாத ஊரிலும் இதே பேச்சுதான். டயர் மாட்டியிருக்கிற வீலைச் சூடாக்கினால் உள்ளே அழுத்தம் ஏறி டயரே வெடிக்கலாம். வெல்டிங் கரண்டு தப்பான வழியில் போனால் பேரிங்கும் எலக்ட்ரானிக்ஸும் போகும்.

புது நட்டுப் போடும்போது மரை மட்டும் பொருந்தினால் போதாது. ரிம்மில் உட்காருகிற அடிப்பக்கமும் பழையதைப் போலவே இருக்க வேண்டும். கூம்பு இருந்த இடத்தில் கூம்பு, உருண்டை இருந்த இடத்தில் உருண்டை. 50, 100 கிலோமீட்டர் ஓடின பிறகு இன்னொரு முறை இறுக்கம் பாருங்கள்.

மறுநாள் காலை நாங்கள் டாக்சியில்தான் மதுரை போனோம். ஸ்டெப்னியோடு நெடுஞ்சாலையில் ஓட்ட எனக்கு மனசு வரவில்லை. அப்பாவுக்கு டெஸ்ட்டில் பெரிதாக ஒன்றும் இல்லை, மாத்திரையோடு போகிறது. திரும்பும்போது வெடியை எடுத்துக்கொண்டு, அண்ணன் கடையிலும் இறங்கினோம். முந்தின நாள் கூலிக்கு மேல் அப்பா கொடுத்ததை அவர் வாங்கவில்லை. என்னுடைய நான்கு லாக் நட்டுகளுக்கான சாவி என்றைக்காவது கிடைத்தால் அவருடைய கம்பி வளையத்துக்குக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் லாக் நட்டு அனுபவம் ஏதாவது இருந்தால் வாய்ஸ் நோட்டாக அனுப்புங்கள். அடுத்த எபிசோடில் பார்ப்போம்.