புரியவில்லை என்பவருக்கு நன்றி
(தென்காசியில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



நம்மில் பலர் இன்று தொழில்நுட்பக் குறிப்புகள் எழுதுகிறோம். எமிஸ் தளத்தில் எப்படிப் பதிவது, உதவித்தொகைக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று எளிய தமிழில் எழுதி வாட்ஸ்அப்பில் பகிர்கிறோம். "நன்றி சார்" என்று நாற்பது பதில்கள் வரும். "மூன்றாவது படி என் போனில் வரவில்லையே டீச்சர்" என்று ஒன்று வரும். நமக்குப் பாடம் அந்த ஒன்றில்தான் இருக்கிறது.

நம் ஊருக்குப் பக்கத்திலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் சோஹோ நிறுவனத்தின் 'அரட்டை' செயலியில் 2025 செப்டம்பரில் சில நாள்களுக்குள் புதிதாகச் சேர்வோர் நூறு மடங்கானார்கள். பாராட்டு குவிந்தது. கூடவே ஒரு கேள்வியும் வந்தது: "நாங்கள் அனுப்பும் செய்தியை இடையில் யாரும் படிக்க முடியாதபடி மறையாக்கம் இருக்கிறதா?" அழைப்புகளுக்கு இருந்தது, எழுத்துச் செய்திகளுக்கு அப்போது இல்லை. அந்தக் கேள்விக்குப் பின் அந்தப் பணி முன்னுக்கு வந்தது. பாராட்டு செயலியைப் பரப்பியது. கேள்வி அதைத் திருத்தியது.

கணினி அறிஞர் டொனால்டு குனூத் தம் நூல்களில் பிழையை முதலில் கண்டுபிடித்துச் சொல்பவருக்கு 2.56 டாலர் காசோலை அனுப்பும் வழக்கத்தை ஏற்படுத்தினார். 256 சென்ட், அதாவது இரண்டின் எட்டாம் அடுக்கு. பலர் அதை வங்கியில் போடாமல் சட்டமிட்டு மாட்டி வைத்தார்கள். பிழை சொல்வதை அவர் மரியாதைக்குரிய செயலாக்கிவிட்டார்.

நம் பள்ளிகளில் அடிக்கடி கேட்கும் ஒரு குறையைப் பாருங்கள். "சார், நீங்கள் அனுப்பிய வினாத்தாளில் எழுத்தெல்லாம் ஆங்கிலமாகத் தெரிகிறது." எழுத்துருவையும் சேர்த்து அனுப்பினால் அன்றைய வேலை முடிந்துவிடும். ஆனால் ஏன் என்று கேட்டால் காரணம் தெரியும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்திருக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் உள்ளே இருக்கும் ஆங்கில எழுத்து வெளியே வந்துவிடும். ஒருங்குறியில் தமிழுக்குத் தனி இடம் உண்டு. தமிழ்நாடு அரசும் 2010 இல் அதைத் தரமாக ஏற்றது. ஒருவர் சொன்ன குறை, எல்லோருக்கும் பயன்படும் தீர்வுக்கு வழி காட்டுகிறது.

இதைக் கவனிக்காவிட்டால் இழப்பு யாருக்கு? எட்டாம் வகுப்பில் என்எம்எம்எஸ் தேர்வில் தேர்வாகும் மாணவருக்கு ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். அதை ஆண்டுதோறும் தேசிய உதவித்தொகைத் தளத்தில் புதுப்பிக்க வேண்டும். தளத்தின் திரை மாறியிருக்க, பழைய குறிப்பே சுற்றிக்கொண்டிருந்தால், அன்றைய பீடிக் கூலியை விட்டுவிட்டு பிரௌசிங் சென்டருக்கு வந்த தாய் வெறுங்கையோடு திரும்புவார். கடைசி நாளும் கடந்துவிடும். எழுதியவருக்கு எந்த நட்டமும் இல்லை, அந்தப் பிள்ளைக்குத்தான்.

ஆகவே நான்கு பழக்கங்களைப் பரிந்துரைக்கிறேன். ஒன்று, குறிப்பின் தலையிலேயே எழுதிய தேதியைப் போடுங்கள். இரண்டு, அனுப்புவதற்கு முன், அந்த வேலையை இதுவரை செய்யாத ஒருவரிடம் கொடுத்து, பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அவர் விரல் எங்கே தயங்குகிறதோ அங்கே ஒரு வரி கூடுதலாகத் தேவை. மூன்று, வரும் கேள்விகளை ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரே கேள்வியை மூவர் கேட்டால், மூவருக்கும் தனித்தனியே பதில் சொல்வதோடு நிற்காமல் குறிப்பையே திருத்துங்கள். நான்கு, திருத்தியதை மறைக்காமல், "இந்த இடம் மாற்றப்பட்டுள்ளது" என்று மேலேயே சொல்லிப் பழைய குறிப்பு போன அத்தனை குழுக்களுக்கும் அனுப்புங்கள்.

எல்லாக் கருத்தையும் ஏற்க வேண்டியதில்லை. "இதெல்லாம் எதற்கு?" என்பவரிடம் வாதிட நேரம் செலவிட வேண்டாம். "எனக்கு இங்கே நின்றுவிட்டது" என்பவருக்கு அன்றே பதில் சொல்லுங்கள்.

வகுப்பில் "புரிந்ததா?" என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள் என்பது நமக்குத் தெரியும். கையைத் தூக்கும் ஒரு பிள்ளையால்தான் அன்றைய பாடம் மற்றவர்களுக்கும் தெளிவாகிறது. பெரியவர்கள் கை தூக்கக் கூச்சப்படுவார்கள். அதனால் நாம்தான் கேட்க வேண்டும். அடுத்த முறை குறிப்பு எழுதும்போது கடைசி வரியாக இதைச் சேருங்கள்: "எந்தப் படியில் நின்றுவிட்டது என்று சொல்லுங்கள், திருத்தி அனுப்புகிறேன்."