நோயாளியும் ஓர் ஆசான்

திருப்பதியிலிருந்து புறப்படும் இரயில்வண்டி பாகாலா, சித்தூர் ஆகிய ஊர்களைக் கடந்து காட்பாடியை அடைகின்றது. திருமலைக்குச் சென்று திரும்பும் அடியார்களோடு, வேலூருக்கு மருத்துவம் நாடிச் செல்லும் நோயாளிகளும் அவ்வழியே செல்வர். பழைய வடஆர்க்காட்டின் பகுதிகளையும் கொண்டு 1911-இல் அமைந்த சித்தூர் மாவட்டம், 1953-இல் ஆந்திர மாநிலத்தைச் சேர்ந்தது. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைகள் மாறினும் நோயாளி செல்லும் வழி மாறவில்லை. அங்கு வாழும் நம்மவர் வீட்டில் தமிழும் கடைத்தெருவில் தெலுங்கும் பேசுவர். ஆயினும், உணர்ச்சியற்ற தேமல் ஒன்று உடலில் தோன்றினால், அதனை எம்மொழியிலும் சொல்லாது மறைப்பவர் இன்றும் உளர்.

மறைக்கப்படும் அந்நோயை ஆராயப் புகும் இளைஞருக்கு மூத்தோர் எதனைக் கற்பிக்கவேண்டும்? இதுவே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். இதற்கு விடை தேடி நாம் நெடுந்தொலைவு செல்லவேண்டுவதில்லை. காட்பாடிக்கு அருகிலுள்ள கரிகிரியும், வேலூரும், செங்கற்பட்டும் அவ்விடையை முன்னரே தந்திருக்கின்றன.

1947-ஆம் ஆண்டில், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் புதிதாகப் பணியேற்றிருந்த இளம் அறுவை மருத்துவர் பால் பிராண்டு, செங்கற்பட்டை அடுத்த திருமணி தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். அவர் நம் கொல்லிமலையில் 1914-இல் பிறந்தவர். மருத்துவமனையை நடத்திய இராபர்ட்டு காக்ரேன், தோல் நோயில் துறைபோனவர். இந்நோயாளிகளின் விரல்கள் ஏன் இவ்வாறு மடங்கிப் போகின்றன என்று பிராண்டு வினவினார். தாம் தோல் மருத்துவர் என்றும், எலும்பும் தசையும் அறிந்தவர் வினவியவரே என்றும் காக்ரேன் விடையிறுத்தார். எலும்பு மருத்துவர் ஒருவரும் இந்நோயாளிகளை நாடி வாராத குறையையும் அவர் எடுத்துரைத்தார். தமக்குத் தெரியாததைத் தெரியாதென்று ஒப்பிக்கொண்டு, அவ்வினாவை இளையவர் கையில் ஒப்படைத்தது ஆசிரியப் பண்பிற்குச் சிறந்த சான்றாகும்.

பிராண்டு ஒரு நோயாளியின் முடங்கிய கையில் தம் கையை வைத்து, இறுகப் பற்றுமாறு கேட்டுக்கொண்டார். வலுவிழந்ததென அவர் எண்ணிய அக்கை, வலி தாங்காது கையை இழுத்துக்கொள்ளும்படி அழுத்திப் பிடித்தது. கையின் தசைகள் யாவும் செத்துவிடவில்லை. சில நரம்புகள் மட்டுமே செயலற்றன. நல்ல தசைநாண்களை இடம் மாற்றிக் கட்டினால் விரல்களை நிமிர்த்தலாம் என்னும் எண்ணம் அங்கிருந்து பிறந்தது. அடுத்த ஆண்டுகளில் வேலூரில் நடைபெற்ற அறுவைச் சிகிச்சைகள் உலகெங்கும் மருத்துவர்க்கு வழிகாட்டின. எத்துணை நூல்களைப் புரட்டினும், ஒரு நோயாளியின் கையைத் தொடாதிருந்தால் அவ்வுண்மை புலப்பட்டிராது. தொடுவதற்கே அஞ்சிய காலம் அது என்பதையும் நாம் நினைவிற் கொள்ளவேண்டும்.

பின்னரும் ஓர் ஐயம் எழுந்தது. அறுவை நன்கு நடந்த கைகளிலும் புண்கள் ஏன் தோன்றுகின்றன? நோயே சதையை அழுகச் செய்கிறது என்பது அந்நாளைய நம்பிக்கை. பிராண்டு நோயாளிகளையே துணைக்கு அழைத்தார். ஒவ்வொரு காயமும் எவ்வாறு நேர்ந்ததென்று நாள்தோறும் சேர்ந்து ஆராய்ந்தனர். சூடான ஏனத்தை வெறுங்கையாற் பிடித்தமை, கருவியை அளவுக்கு மீறி அழுத்தியமை என ஒவ்வொரு புண்ணுக்கும் ஒரு காரணம் கிடைத்தது. இரவில் விரல் நுனிகள் காணாமற்போன புதிரும் அவ்வாறே விளங்கிற்று. இரவில் விழித்திருந்து காவல் காத்தபோது, உணர்ச்சியற்ற விரல்களை எலிகள் கடித்தமை தெரியவந்தது. பூனை வளர்ப்பதே அதற்கு மருந்தாயிற்று! வலி என்னும் காவலாளி இல்லாமையே கேட்டிற்கு வேர் என்பது இவ்வாறு நிலைநாட்டப்பெற்றது. நோயாளிகள் இவ்வாராய்ச்சியில் உடன் ஆராய்ந்தவர்களாயினர்.

கை நிமிர்ந்த சிலர் வேறொரு குறையுடன் திரும்பி வந்தனர். மடங்கிய கையைக் கண்டு இரங்கிக் காசு இட்டவர்கள், நல்ல கையைக் கண்டு இடுவதில்லை. பிழைப்பு போயிற்று என்றனர். வெற்றியென்று மருத்துவர் கருதியது நோயாளிக்கு இழப்பாகத் தோன்றிய இடம் இது. அக்குறையைக் காதுகொடுத்துக் கேட்டதன் பயனாக, தச்சும் பிற கைத்தொழிலும் கற்பிக்கும் நவஜீவ நிலையம் வேலூரில் எழுந்தது.

வழிகாட்டல் என்பது ஒருவரோடு முடிவதன்று. 1954-இல் ஊர்தி விபத்தில் இடுப்பின் கீழ் உணர்விழந்த மேரி வர்கீசு என்னும் இளம் மருத்துவர், பிராண்டின் ஊக்கத்தால் சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பின்னாளில் வேலூரில் மறுவாழ்வு மருத்துவத்திற்கு அவர் அடிகோலினார். பிராண்டிடம் பயின்ற எர்னஸ்டு ஃபிரிட்சி, 1955-இல் தொடங்கிய கரிகிரி ஆராய்ச்சி நிலையத்தைப் பின்னர் தலைமையேற்று நடத்தினார்.

இனித் திருப்பதிக்கு வருவோம். அங்கே 1960-இல் நிறுவப்பெற்ற திருவேங்கடவன் பெயர் தாங்கிய மருத்துவக் கல்லூரி உள்ளது. அத்தகைய கல்லூரிகளில் தோல் நோய் ஆராய்ச்சியைத் தொடங்கும் இளைஞர் பலர், கட்டுரை வெளிவரவேண்டுமென்ற விரைவில் எண்ணிக்கைகளைத் தேடி ஓடுவர். அவர்களுக்கு மூத்தோர் செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, அளவுகோலை எடுப்பதற்கு முன் ஒரு மணி நேரமேனும் நோயாளியோடு அமரச் செய்தல். இரண்டாவது, ஆராய்ச்சி வினாவை நோயாளியிடமே சொல்லிக் காட்டி, அது அவர் துன்பத்தைத் தொடுகின்றதா என்று கேட்கப் பழக்குதல். மூன்றாவது, முடிவு வந்தபின் அதனை அவருக்கு எடுத்துச் சொல்லாமல் நூலில் ஏற்றலாகாது என்று விதித்தல்.

இவை வெறும் அறவுரைகள் அல்ல. 1994-இல் பிரிட்டனின் கார்டிஃபு நகரில் ஃபின்லே, கான் என்னும் இருவர், தோல் நோய் வாழ்க்கையை எவ்வாறு வருத்துகின்றதென்று 120 நோயாளிகளிடம் கேட்டு, 10 வினாக்கள் கொண்ட அளவை ஒன்றை அமைத்தனர். அரிப்பு, கூச்சம், உடை, வேலை, உறவு ஆகியவை அதில் இடம்பெறுகின்றன. இன்று உலகம் முழுவதும் அவ்வளவை வழங்குகிறது. ஆனால், சித்தூரில் ஒரு தமிழ்த் தாயிடம் அவ்வினாக்களைத் தெலுங்கில் மட்டும் கேட்டால், கிடைப்பது பாதி விடையே. நாணமும் துயரமும் தாய்மொழியில்தான் வாய் திறக்கும். ஆகவே இரு மொழியும் அறிந்த நம் பிள்ளைகளுக்கு அங்கே சிறப்பான ஒரு கடமை காத்திருக்கின்றது.

தொழுநோயை முற்றிலும் குணப்படுத்தும் கூட்டு மருந்து 1980-களிலிருந்து வழக்கில் உள்ளது. 6 அல்லது 12 திங்கள் உண்ணவேண்டிய அம்மருந்து அரசு மருத்துவமனைகளில் விலையின்றிக் கிடைக்கின்றது. மணமுறிவுக்கு இந்நோயைக் காரணங்காட்டும் சட்டப்பிரிவும் 2019-இல் நீக்கப்பட்டது. எனினும், உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படுவோருள் பாதிக்கு மேற்பட்டோர் நம் நாட்டினரே. காலம் தாழ்த்தி வருபவரின் நரம்பு போனால், மருந்து கிருமியைக் கொல்லுமேயன்றி உணர்ச்சியை மீட்டுத் தருவது அரிது.

ஆதலால், சித்தூரிலோ, திருப்பதியிலோ, இன்னும் தொலைவிலுள்ள மாநிலங்களிலோ வாழும் நேயர்களே, உங்கள் வீட்டில் எவருக்கேனும் தொட்டால் உணராத தேமல் இருப்பின் நாளையே மருத்துவரிடம் காட்டுங்கள். உங்கள் பிள்ளை மருத்துவம் பயில்வாராயின், திருமணியில் அன்று நீட்டப்பட்ட அந்தக் கையைப் பற்றி அவருக்குச் சொல்லுங்கள். அதனைப் பற்றிக்கொள்ள அஞ்சாத இளைஞர் நமக்கு இன்னும் பலர் வேண்டும்.