எலும்பு வளர உதிரும் உயிரணுக்கள்



வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில், நம் உடலுக்குள் நிகழும் ஓர் அரிய செய்தியை உங்கள் முன் வைக்க விழைகின்றோம். முதற்கண் உங்கள் கையை விரித்துப் பாருங்கள். ஐந்து விரல்கள் தனித்தனியே நிற்கின்றன. தாயின் கருவில், ஆறாம் வார அளவில், இக்கை துடுப்புப் போன்ற ஒரு தட்டையாகவே இருந்தது. விரல்களுக்கு இடையே இருந்த உயிரணுக்கள் மடிந்தமையாலன்றோ எட்டாம் வார அளவில் விரல்கள் பிரிந்தன! வாத்தின் காலில் அவ்வணுக்கள் பெரும்பாலும் மடிவதில்லை. ஆதலின் அங்கே சவ்வு நிலைத்துவிடுகின்றது.

இம்மடிவு காயத்தால் நேர்வதன்று. அணு தன்னைத் தானே ஒழுங்காக முடித்துக்கொள்வது. 1972ஆம் ஆண்டில் கெர், வில்லி, கரி என்னும் மூவர் இதற்கு 'அப்போப்டோசிஸ்' எனப் பெயரிட்டனர். மரத்தினின்று இலை உதிர்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. நாம் இதனை 'அணு உதிர்வு' எனலாம்.

இவ்வுதிர்வை நடத்தும் கருவி யாது? மண்ணில் வாழும் ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள உருளைப்புழு இதற்கு விடை தந்தது. அதன் வளர்ச்சியில் தோன்றும் 1,090 உடலணுக்களுள் 131 மடிகின்றன. அம்மடிவுக்கு இன்றியமையாத ஒரு மரபணுவை ஹார்விட்ஸ் குழுவினர் கண்டனர். அதன் புரதம் மனித உடலில் உள்ள ஒரு நொதியை ஒத்திருப்பதை 1993இல் வெளிப்படுத்தினர். 2002ஆம் ஆண்டு நோபல் பரிசு பிரென்னர், ஹார்விட்ஸ், சல்ஸ்டன் ஆகிய மூவருக்கும் வழங்கப்பெற்றது. அந்நொதிக் குடும்பத்திற்குக் 'கேஸ்பேஸ்' என்று பெயர். அவை புரதங்களைக் குறித்த இடத்தில் வெட்டும் கத்தரிகள். உறையிலிட்ட வாள் போல் அணுவுக்குள் அடங்கிக் கிடந்து, குறிப்புக் கிடைத்ததும் செயற்படுகின்றன.

இனி எலும்புக்கு வருவோம். கை கால்களின் நீண்ட எலும்புகள் முதலில் குருத்தெலும்பாகவே தோன்றுகின்றன. அவற்றின் முனைகளுக்கு அருகே குருத்தணுக்கள் பெருகிப் பருக்கின்றன. சுற்றிலும் சுண்ணச்சத்துப் படிகின்றது. பின்னர் அவற்றுட் பல மடிகின்றன. சில எலும்பு கட்டும் அணுக்களாகவே மாறுகின்றன. காலியான இடத்தில் இரத்தக் குழாய்கள் நுழைய, உடன் வரும் கட்டும் அணுக்கள் எலும்பை எழுப்புகின்றன. பணி முடிந்ததும் அவற்றுள்ளும் பல உதிர்கின்றன. சில எலும்பினுள்ளேயே தங்கி அதனைக் காக்கின்றன.

அங்ஙனமாயின், கொல்லும் நொதி இல்லாவிடில் அணுக்கள் மிகுந்து எலும்பு வலுப்பெற வேண்டுமன்றோ? நடந்தது வேறு. மூன்றாம் கேஸ்பேஸ் இல்லாத எலிகளை ஆராய்ந்து 2004இல் வெளியிட்ட முடிவின்படி, அவற்றில் எலும்பாக்கம் தாமதமாயிற்று. எலும்பின் அடர்த்தியும் குறைந்தது. மச்சையிலுள்ள மூல அணுக்கள் எலும்பு கட்டும் அணுக்களாக முதிர இயலாமல் விரைவில் மூப்பெய்தின. கொல்லும் நொதி எனப்பட்டதே ஆக்கும் பணிக்கும் வேண்டியதாயிற்று! ஏழாம் கேஸ்பேஸும் எலும்பாக்கத்தில் இத்தகைய பங்கு கொள்வதை 2014இல் எலிகளிடத்தே கண்டனர்.

இது வெறும் வியப்புக்குரிய செய்தி அன்று. அணுக்கள் மிகுதியாக மடியும் நோய்களுக்கு, இந்நொதிகளைத் தடுக்கும் மருந்துகளை ஆய்வாளர் தேடி வந்துள்ளனர். அதே 2004ஆம் ஆண்டு ஆய்வில், சூற்பை நீக்கப்பட்ட எலிகளுக்கு அத்தகைய தடுப்பு மருந்தைக் கொடுத்தபோது எலும்புத் தேய்வு விரைந்தது. மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு எலும்பு தேய்வதை நாம் அறிவோம். ஓர் உறுப்பைக் காக்கத் தரும் மருந்து எலும்பை மெலிவித்துவிடலாகாது என்னும் எச்சரிக்கை இதில் அடங்கியுள்ளது.

இளைஞர்களே! இந்நொதிக்குப் பெயரிட்டோர் முதலில் கண்டது அதன் ஒரு தொழிலையே. அதன் முழு இயல்பை அன்று. பிறர் இட்ட பெயரே ஒன்றின் இயல்பென்று கொள்ளாது, 'இது வேறென்ன செய்யவல்லது?' என்று வினவியோரே எலும்பின் இம்மறைபொருளைக் கண்டனர். அவ்வினாவை உங்கள் பாடத்திலும் ஆய்வுக்கூடத்திலும் அஞ்சாது எழுப்புங்கள் என வேண்டி அமைகின்றோம்.