வகுப்பில் விடுபட்ட பெயர்கள்

ஊரை விட்டு வெகுதூரம் வந்து உத்தியோகம் பார்த்த தமிழர்களுக்கு, ஓய்வு பெற்றபின் புதிதாக ஒரு வேலை வந்து சேருகிறது. கல்லூரியில் உடன் படித்தவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள், எவ்வாறு இருக்கிறார்கள் என்று விசாரிப்பதே அந்த வேலை. தில்லியிலோ மும்பையிலோ கொல்கத்தாவிலோ நம்மவர் இருவர் சந்தித்தால், முதலில் எந்த ஊர் என்று கேட்கிறோம். அடுத்து எந்தக் கல்லூரி, எந்த ஆண்டு என்று கேட்கிறோம். ஆண்டு ஒத்துப்போய்விட்டால் காப்பி ஆறிப்போகும், பேச்சு ஓயாது.

ஆனால் இவ்விதம் நாம் திரட்டும் செய்திகள் பெரும்பாலும் உத்தியோகச் செய்திகளே. ஒருவர் பிலாய் உருக்காலையில் பொறியாளராக இருந்தார். ஒருவர் தில்லிச் செயலகத்தில் உயர்ந்தார். ஒருவர் வங்கியில் பெரிய பதவி வகித்தார். பதவியில் இருந்தவரின் முகவரி எளிதில் கிடைக்கும். முகவரி கிடைத்தவர்களே வகுப்பு முழுமையும் என்று எண்ணிக்கொள்வதும் நமக்கு எளிதாகிவிடுகிறது. கிடைக்காதவர்களின் கதை என்ன என்பதையே இன்று சிறிது சிந்திக்க விரும்புகிறோம்.

அண்ணாமலைநகரில் 1975ஆம் ஆண்டு முதுகலை இயற்பியல் படித்து முடித்தவர்கள் நாங்கள். ஐம்பது ஆண்டு நிறைவை முன்னிட்டு 2024இல் பெயர்ப்பட்டியல் ஒன்று தயாரிக்க முற்பட்டோம். கையில் இருந்த ஆதாரம் வகுப்பின் நிழற்படம் ஒன்றுதான். பேராசிரியர்களும் நான்கு மாணவியரும் முன்வரிசை நாற்காலிகளில் அமர்ந்திருக்கிறார்கள்; மாணவர்கள் பின்னால் நிற்கிறார்கள். இரண்டு மாதங்களில் ஆண்களுள் மிகப் பலரைப் பற்றிய தகவல் கிடைத்துவிட்டது. முன்வரிசையில் இருந்த நால்வருள் ஒருவரைப் பற்றியேனும் செய்தி இல்லை.

இதற்குக் காரணம் நம் பெயரிடும் முறையிலேயே இருக்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் தலைப்பெழுத்துத்தான் நம்மை வேறுபடுத்திக் காட்டுவது. பெண்ணுக்குத் திருமணமானால் பெரும்பாலும் அந்த எழுத்தும் மாறிவிடுகிறது. தந்தையின் எழுத்துப் போய்க் கணவரின் எழுத்து வந்து சேர்கிறது. ஊரும் மாறுகிறது. பட்டச் சான்றிதழில் உள்ள பெயருக்கும் வீட்டுக் கதவில் உள்ள பெயருக்கும் தொடர்பு அற்றுப்போகிறது.

வெளிமாநிலங்களுக்கு வந்த ஆடவரின் நிலையும் முற்றிலும் வேறன்று. இங்குள்ள படிவங்கள் குடும்பப் பெயரைக் கேட்கின்றன. அந்தக் கட்டத்தில் ஒருவர் தந்தையின் பெயரை எழுதினார். மற்றொருவர் ஊர்ப்பெயரை எழுதினார். நாளடைவில் அதுவே அவரை அழைக்கும் பெயராகவும் ஆகிவிட்டது. ஊர்களும் தம் பங்கிற்குப் பெயர் மாறின. மாயூரம் 1982இல் மயிலாடுதுறை ஆயிற்று. பம்பாய் 1995இல் மும்பை ஆயிற்று. கல்கத்தா 2001இல் கொல்கத்தா ஆயிற்று. பீகாரைச் சேர்ந்திருந்த ஜம்ஷெட்பூர் 2000இல் ஜார்க்கண்டைச் சேர்ந்தது. பழைய நாட்குறிப்பில் உள்ள முகவரியை வைத்துக்கொண்டு தேடுவோர் எவ்வளவு தூரம் செல்ல முடியும்?

இந்நிலையில் எங்களுக்கு வழிகாட்டியவர் வெளியூரில் பெரும்பதவி வகித்த எவரும் அல்லர். படிப்பு முடிந்ததும் தந்தையார் நோயுற்றமையால் சீர்காழிக்குத் திரும்பி, அங்கேயே உரக்கடை நடத்திவந்த நண்பர் அவர். நம்மவர் கூடிப் பேசும்போது, “அவர் ஊரோடு இருந்துவிட்டார்” என்ற ஒரே வாக்கியத்தில் அவருடைய வரலாறு முடிந்துவிடும். மாணவியருள் ஒருவரின் தந்தையார் மாயூரத்தில் தலைமையாசிரியராக இருந்தவர் என்பது அவர் நினைவில் இருந்தது. அவர் பேருந்து ஏறி அங்கே சென்றார். வீடு கைமாறியிருந்தது. அடுத்த வீட்டு மூதாட்டி, அப்பெண்மணியின் தம்பியினுடைய தொலைபேசி எண்ணைக் கொடுத்தார். பெண்களைத் தேடுவோர் கல்லூரி அலுவலகத்தைக் காட்டிலும் பிறந்த வீட்டுத் தெருவை நாடுவதே பயன் தரும் என்பதை அன்று அறிந்தோம்.

அந்தப் பெண்மணி ஜம்ஷெட்பூரில், கதமா பகுதியில் வாழ்கிறார். எங்கள் வகுப்பு நண்பர் ஒருவரும் 1977 முதல் அதே நகரில், சாக்சியில் இருந்து வருகிறார். இருவரும் பல ஆண்டுகள் ஒரே பொங்கல் விழாவில் ஒரே பந்தியில் உணவு உண்டிருக்கிறார்கள். நண்பருடைய மகனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அந்த அம்மையார்தாம்! ‘கணக்கு டீச்சர்’ என்றே அவரை எல்லோரும் அறிவார்கள். “என் பழைய தலைப்பெழுத்தைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, நானும் சொல்லிக்கொண்டதில்லை” என்று அவர் சிரித்துக்கொண்டே கூறினாராம்.

மற்ற மூவருள் ஒருவர் கோயம்புத்தூரில் விரிவுரையாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். ஒருவர் 1998இலேயே காலமாகிவிட்டார். இருபத்தாறு ஆண்டுகள் கழித்து அவருடைய மகளிடம் துக்கம் விசாரித்தோம். தம் தாயார் மின்னியல் சோதனைகளில் எவ்வளவு கைதேர்ந்தவர் என்பதை எங்கள் வாயிலாகத்தான் அந்தப் பெண் முதன்முதலாகக் கேட்டறிந்தார். விசாரிப்பது நமக்காக மட்டும் அன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

நான்காமவர் இருக்கும் இடம் தெரிந்தது. ஆனால் பழைய தொடர்புகளைப் புதுப்பிக்கத் தமக்கு விருப்பம் இல்லை என்று உறவினர் மூலம் தெரிவித்துவிட்டார். காரணம் கேட்க வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். வேண்டாம் என்று முடிவு செய்தோம். அவர் நலமாக இருக்கிறார் என்பது போதும்.

திருக்குறளில் 79ஆவது அதிகாரம் தொடங்கி ஐந்து அதிகாரங்கள் நட்பின் நன்மை தீமைகளை ஆராய்கின்றன. அவற்றுள் 81ஆவது ‘பழைமை’. நெடுநாள் பழகியவர் உரிமை பற்றிச் செய்வதைக் குறையாகக் கொள்ளாதிருப்பதே அதன் கருத்து. இருபது ஆண்டு கடிதம் எழுதாதிருப்பதும் அத்தகைய உரிமைகளுள் ஒன்றே என்று கொள்ளலாம் அல்லவா? “இவ்வளவு நாள் எங்கே போனாய்?” என்று கணக்குக் கேட்கும் குரலுக்கு அஞ்சியே பலர் மறைந்திருக்கிறார்கள். பதவி பெறாதவர், தொழிலில் நொடித்தவர், பிள்ளையை இழந்தவர் ஆகியோருக்கு அந்தக் கேள்வி மிகக் கடுமையானது. ஆகவே முதல் கடிதத்தில் நம் பதவி உயர்வையும் பிள்ளைகளின் வெளிநாட்டு வாழ்வையும் எழுதாமல், உடல்நலம் விசாரித்து, அந்த நாளைய விடுதிச் சாப்பாட்டைப் பற்றி இரண்டு வரி எழுதினால் போதும். விடை வந்தால் மகிழ்ச்சி. வாராவிடில் வருத்தம் கொள்ளலாகாது.

நேயர்களே! உங்கள் இல்லத்திலும் இத்தகைய நிழற்படம் ஒன்று இருக்கக்கூடும். அதை எடுத்து, தெரிந்த முகங்களை விட்டுவிட்டு, பெயர் மறந்துபோன முகங்களுக்கு நேரே குறியிடுங்கள். அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது, ஊரோடு இருந்துவிட்ட நண்பர் ஒருவரிடம் அதைக் காட்டுங்கள். நாம் ஊரில் இல்லாத காலத்தில் நம் வகுப்பைக் காத்துவந்தவர் அவராக இருக்கக்கூடும்.