துணை நிற்பவருக்கும் ஒரு துணை

(சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)



வைத்தியர் என்ற வகையில் புற்றுநோயைப் பற்றிப் பேசும்படி சங்கத்தினர் கேட்டார்கள். நோயைப் பற்றிச் சொல்லப் பலர் இருக்கிறார்கள். நான் நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்துக் கதிரையில் இருப்பவரைப் பற்றிப் பேச விரும்புகிறேன். என் கணவருக்குக் குருதிப் புற்றுநோய் வந்து, எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சைக்காக வேலூரில் தங்கியிருந்த மாதங்களில் அந்தக் கதிரையில் இருந்தவள் நான்.

முதலில் ஒன்று. வெளிநாட்டுச் சிகிச்சைதான் சிறந்தது என்று எண்ணிவிடாதீர்கள். மகரகமவிலும் தெல்லிப்பழையிலும் பல புற்றுநோய்களுக்கு இலவசமாகவே சிகிச்சை கிடைக்கிறது. "போவதால் கூடுதலாக என்ன கிடைக்கும்?" என்று உங்கள் வைத்தியரிடமே கேளுங்கள். போகத்தான் வேண்டுமென்றால் அறிக்கைகளை மட்டும் கொண்டுபோகாதீர்கள். திசுப் பரிசோதனையின் கண்ணாடித் தகடுகள், மெழுகுக் கட்டிகள், ஸ்கான் படங்கள் பதிந்த இறுவட்டு ஆகியவற்றையும் கேட்டு வாங்குங்கள். அங்குள்ள நிபுணர்கள் அவற்றைத் தாங்களே பார்க்க விரும்புவார்கள். இந்தியாவுக்கு என்றால் நோயாளிக்கு மருத்துவ விசாவும், உடன் செல்பவருக்கு உதவியாளர் விசாவும் தனித்தனியே உண்டு.

வேலூர் மருத்துவமனையை 1900 இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கினார். 1918 இல் பெண்களுக்கென ஒரு மருத்துவப் பள்ளியையும் அங்கே ஆரம்பித்தார். பெண்கள் பாடசாலையில் படித்த எங்களுக்கு இது நெருக்கமான வரலாறு. இன்று அங்கே நோயாளியோடு நிற்பவரை 'அட்டெண்டர்' என்கிறார்கள். பெயர் சிறியது, வேலை பெரியது.

கீமோ மருந்து ஏற்றியபின், பெரும்பாலும் 7 முதல் 14 நாட்களுக்குள் வெண்குருதிக் கலங்கள் மிகவும் குறைந்துவிடும். அந்த நாட்களில் 38 பாகை செல்சியஸ் காய்ச்சல் என்றால் அது அவசர நிலை. "விடியட்டும், பார்ப்போம்" என்று இருக்கக்கூடாது. வைத்தியரிடம் கேட்காமல் பரசிட்டமோல் கொடுக்கவும் கூடாது. ஓர் அப்பியாசக் கொப்பி வைத்திருங்கள். காய்ச்சல் அளவு, கொடுத்த மருந்து, சாப்பிட்ட சாப்பாடு, வைத்தியரிடம் கேட்கவேண்டிய கேள்வி எல்லாவற்றையும் அதில் எழுதுங்கள். நித்திரையில்லாத மூளையை நம்பமுடியாது.

உடன்பிறந்த ஒருவரின் மச்சை முழுமையாகப் பொருந்துவதற்கான வாய்ப்பு 4 இல் 1 தான். இவருடைய தம்பியின் மச்சை பொருந்தியது. முதல் நாளே அங்குள்ள வைத்தியர்களிடம், "தீர்மானங்களை நீங்கள் எடுங்கள், நான் இவருடைய மனைவியாக மட்டும் இருக்கிறேன்" என்று சொன்னேன். வைத்தியர்கள் அவருக்கு அங்கே நிறையப்பேர் இருந்தார்கள். மனைவி ஒருத்திதான்.

ஓர் இரவு அவர் கேட்டார்: "இது சரிவராவிட்டால், என்னை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போவீரா?" "அப்படியெல்லாம் கதைக்காதேங்கோ" என்பதுதான் எங்கள் வழக்கமான பதில். அன்று நான் "ஓம், கூட்டிக்கொண்டு போவன்" என்றேன். யாரிடம் சொல்லவேண்டும், பிள்ளைகளுக்கு என்ன செய்யவேண்டும் என்று பிறகு அரைமணி நேரம் கதைத்தோம். அதன்பின் அவர் நித்திரையானார். நோயாளி கேட்கும் கேள்வியை மூடிவிட்டால் அவர் தனியாகத்தான் அதைச் சுமப்பார். நம்பிக்கை கொடுப்பதும் உண்மை பேசுவதும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

அவர் நடந்தே ஊர் திரும்பினார். எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை என்பது வைத்தியராகிய எனக்குத் தெரியும். ஆனால் முடிவு எதுவானாலும் அந்தக் கதிரையில் இருப்பவருக்கு வேண்டியது ஒன்றுதான். அவருக்கும் ஒரு துணை வேண்டும்.

மச்சை மாற்றியபின் ஏறத்தாழ 100 நாட்கள் மருத்துவமனைக்கு அருகிலேயே இருக்கவேண்டும். அந்த நாட்களில் எனக்குத் துணையானவர்கள் எங்கள் வகுப்புத் தோழியர். கொழும்பில் இருப்பவள் செவ்வாயும் வியாழனும் என் மகளை ரியூசனுக்குக் கூட்டிப்போனாள். லண்டனில் இருப்பவள் உறவினர் எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் செய்தி சொல்லும் பொறுப்பை ஏற்றாள். நான் ஒருத்திக்கு மட்டும் சொன்னால் போதும். ரொறன்ரோவில் இருப்பவள் எங்கள் நடுச்சாமத்தில் விழித்திருந்து என்னோடு கதைத்தாள். "உன்ரை பிரஷர் மாத்திரை போட்டனியோ?" என்று தினமும் கேட்டவளும் அவள்தான். துணை நிற்பவரின் குருதி அமுக்கத்தை வேறு யாரும் அளப்பதில்லை.

"ஏதும் தேவையென்றால் சொல்லுங்கோ" என்று அன்போடுதான் சொல்கிறோம். ஆனால் என்ன தேவை என்று யோசித்து, யாரிடம் கேட்பது என்று கூசி நிற்கும் பாரத்தை அது களைத்தவர் தலையிலேயே வைக்கிறது. "இதை நான் செய்கிறேன்" என்று சொல்லுங்கள்.

நூற்றாண்டில் எமது சங்கத்திடம் நான் கேட்பது ஒரு கட்டடம் அல்ல, ஒரு பெயர்ப்பட்டியல். எந்த ஊரில் யார் இருக்கிறோம், யார் ஓர் அறை தருவோம், யார் சமைத்துக் கொடுப்போம், யார் இரவில் தொலைபேசி எடுப்போம் என்று ஒவ்வொரு கிளையும் எழுதி வைக்கட்டும். முதலாவதாக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். இரவு அழைப்பு எந்த நேரமானாலும் பரவாயில்லை.