எழுத்துக்கு முன்னே மனிதன்



இலக்கியமும் ஒழுக்கமும் பற்றிப் பேச வேண்டும் என்று நூலகத்தார் கேட்டார்கள். திருக்குறளோடு வருவேன் என்று நினைத்திருப்பீர்கள். என் கையில் இருப்பது நன்னூல். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பில் நான் பாடம் சொன்ன இலக்கணம்.

மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில், சீயகங்கன் என்ற சிற்றரசன் கேட்க, பவணந்தி என்ற சமண முனிவர் செய்த நூல் இது. எழுத்தும் சொல்லும் விளக்க வந்தவர், எழுத்தைத் தொடுவதற்கு முன் 55 நூற்பாக்களைப் பாயிரம் என்று வைத்தார். நூல் எப்படி இருக்க வேண்டும், ஆசிரியன் யார், பாடம் எப்படிச் சொல்வது, மாணவன் யார், எப்படிக் கேட்பது என்று அதன் பொதுப்பாயிரத்தில் ஐந்து செய்திகள். புணர்ச்சி விதிக்கு முன்னால் மனித மனத்தை நிறுத்திய இலக்கணக்காரர் அவர்!

மாணவர்களை அவர் எதற்கெல்லாம் ஒப்பிட்டார் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். பாலை மட்டும் பிரித்துக்கொள்ளும் அன்னம். வயிறார மேய்ந்துவிட்டு ஓரிடத்தில் படுத்து அசைபோடும் பசு. இருவரும் முதல் மாணாக்கர். உழைத்த அளவுக்கு விளையும் மண், சொல்லிக் கொடுத்ததை மட்டும் சொல்லும் கிளி, இவர்கள் இடைப்பட்டவர்கள். ஓட்டைக் குடம், செடிக்குச் செடி தாவிக் கடிக்கும் ஆடு, குளத்தைக் கலக்கிக் குடிக்கும் எருமை, நெய்யை ஒழுகவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்ளும் பன்னாடை, இவர்கள் கடை.

இந்தப் பகுதியை நடத்தினால் வகுப்பே சிரிக்கும். நானும் சேர்ந்து சிரித்தவன்தான். ஒரு நாள் ஒரு பையனைப் பார்த்து, "நீதானடா அந்த எருமை" என்றேன். அந்த ஆண்டு முழுவதும் என் வகுப்பில் அவன் வாய் திறக்கவே இல்லை. வீட்டுக்கு வந்து அதே நூலைப் புரட்டினேன். மாணவன் அதில் நான்காவது இடத்தில் நிற்கிறான். ஆசிரியன் இரண்டாவது இடத்தில் நிற்கிறான்! என்னைத் தாண்டித்தான் அந்தப் பையனிடம் போகவேண்டும் என்று வரிசை போட்டிருக்கிறார் பவணந்தி. நானோ என்னை விட்டுவிட்டு அவனிடம் போய்விட்டேன்.

ஆகாத ஆசிரியனுக்கும் நான்கு உவமை சொல்கிறார். கழற்காய்களைப் போட்ட குடம், போட்ட வரிசையில் திருப்பித் தராது. கருக்குள்ள பனை, யாரையும் ஏறவிடாமல் தானாக விழுந்தால்தான் பழம் தரும். பஞ்சடைத்த குண்டிகையில் அடைப்பதும் கஷ்டம், எடுப்பதும் கஷ்டம். கோணல் தென்னை, நீர் வார்த்தவன் நிற்க, அடுத்த வீட்டு முற்றத்தில் காய் போடும். நான் அன்று கருக்குள்ள பனையாக இருந்தேன். அதைச் சொல்ல எனக்கு இந்த மேடை தேவைப்பட்டது.

அப்படியானால் நல்லாசிரியன் எப்படி இருப்பான்? மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையைப் பாருங்கள். தண்டியலங்காரச் சுவடி ஒரு பரதேசியிடம் இருக்கிறது என்று தெரிந்து, அவர் பின்னாலேயே அலைந்து, கஞ்சா கசக்கிக் கொடுப்பது வரை பணிவிடை செய்து, அந்த நூலைப் பெற்றவர் அவர். கேட்டுப் பெறுவதன் அருமை தெரிந்ததால், தம்மிடம் கேட்டு வந்தவர் எவரையும் அவர் திருப்பி அனுப்பவில்லை. கடன் கழுத்தை நெரித்தபோதும் மாணவர்களுக்குச் சோறு போட்டார். 1876 பிப்ரவரி முதல் தேதி, திருவாவடுதுறையில் அவர் உயிர் பிரிந்த நேரத்தில், கிறித்தவரான சவேரிநாத பிள்ளை அவரைத் தாங்கியிருக்க, இருபது வயது உ.வே.சாமிநாதையர் பக்கத்தில் இருந்து திருவாசகம் படித்தார். இரண்டு பேரும் அவர் மாணவர்கள். இதைவிடப் பெரிய சான்றிதழ் ஓர் ஆசிரியனுக்கு வேண்டுமா?

ஓரிடத்தில் பவணந்தியாரோடு எனக்கு உடன்பாடு இல்லை. சோம்பேறி, கோபக்காரன், தூங்குமூஞ்சி, மந்தபுத்தி என்று ஒரு பட்டியல் போட்டு, இவர்களுக்குப் பாடம் சொல்லவேண்டாம் என்கிறார். அவர் காலத்துக் குருகுலத்தில் அது செல்லும். அரசுப் பள்ளி வாசலில் அந்தப் பட்டியலை நான் ஏற்கமாட்டேன். பசியோடு வரும் பிள்ளை தூங்கத்தான் செய்யும்.

ஆனால் அவர் போட்ட இன்னொரு கணக்கை மனமார ஏற்கிறேன். ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் கல்வியில் கால் பங்குதான் வரும். கூடப் படிப்பவர்களோடு பழகிப் பேசினால் இன்னொரு கால். பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் மீதி அரை. பாதிக் கல்வியைக் கொடுப்பதில் வைத்திருக்கிறார்! தனக்கென்று பூட்டி வைப்பவன் பாதியோடு நின்றுவிடுகிறான். ஒழுக்கம் வேறு, கல்வி வேறு என்று பிரிக்க அவர் இடம் வைக்கவில்லை.

ஆசிரிய நண்பர்களே, ஜூன் மாதம் பள்ளி திறக்கும் முன் அந்த 55 நூற்பாக்களை ஒரு முறை உரையோடு படியுங்கள். ஆசிரியனைப் பற்றிய பகுதியை இரண்டு முறை படியுங்கள். பிறகு வருகைப் பதிவேட்டைத் திறந்து, முதல் பெயரைக் கூப்பிடுங்கள்.