பிள்ளையின் சம்பாத்தியம்



பிள்ளைகளுக்காகவே வாழ்ந்த ஓர் ஆசிரியரின் நினைவாக நடக்கும் பொழிவு இது. அதனால் ஒரு பிள்ளையைப் பற்றியே பேசலாம் என்று வந்திருக்கிறேன். பெயர் ஜாக்கி கூகன். சார்லி சாப்ளினின் ‘தி கிட்’ படத்தைப் பார்த்தவர்கள் அவனை மறந்திருக்க முடியாது. தொளதொளத்த கால்சட்டையும் பெரிய தொப்பியுமாக வந்து கல்லெறிந்து வீட்டுக் கண்ணாடியை உடைத்துவிட்டு ஓடுவான். சற்றுப் பொறுத்து, முதுகில் கண்ணாடிச் சுமையோடு சாப்ளின் அதே தெருவில் வருவார்.

ஜாக்கி 1914 அக்டோபர் 26 அன்று லாஸ் ஏஞ்சலஸில் பிறந்தவன். பெற்றோர் இருவரும் ஆட்டமும் பாட்டும் நகைச்சுவையும் கலந்த ‘வாடவில்’ மேடைக் கலைஞர்கள். 1919இல் அந்நகரின் ஆர்ஃபியம் அரங்கில் தந்தையோடு மேடையேறி ஆடிய அந்தப் பொடியனைச் சாப்ளின் பார்த்தார். அதே ஆண்டில்தான் சாப்ளின் தம் முதல் மகனைப் பிறந்த மூன்றாம் நாளில் பறிகொடுத்திருந்தார். அவரே சிறுவயதில் லண்டனில் ஆதரவற்ற ஏழைப் பிள்ளைகளோடு விடுதியில் கிடந்தவர். ‘தி கிட்’ படத்தில் சிரிப்புக்கு அடியில் ஓடும் வலி அங்கிருந்து வந்தது என்றே நான் நம்புகிறேன்.

அந்தப் படத்தின் உயிரான காட்சி ஒன்று உண்டு. சாப்ளின் எடுத்து வளர்க்கும் பையனை அநாதை இல்லத்து அதிகாரிகள் பிடித்து வண்டியில் ஏற்றுவார்கள். அவன் இரு கைகளையும் நீட்டிக் கதறுவான். நூறு ஆண்டு கடந்தும் அந்த அழுகையைக் கண்கலங்காமல் பார்க்க முடிவதில்லை. அழுகைக் காட்சி படமானபோது நடந்ததைச் சாப்ளினே தம் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். படப்பிடிப்பில் பையன் குஷியாக இருந்தான், அழுகை வரவில்லை. நான் அழவைக்கிறேன் என்று தந்தை முன்வந்தார். அழாவிட்டால் ஸ்டுடியோவிலிருந்து கூட்டிப்போய் நிஜமாகவே அநாதை விடுதியில் விட்டுவிடுவோம் என்று மகனிடம் சொன்னார். பையன் விம்மி விம்மி அழுதான். காட்சி முடிந்ததும் சாப்ளின் அவனை வாரியெடுத்துத் தேற்றினார். அப்பா சும்மாதான் சொன்னார் என்று எனக்குத் தெரியும் என்று அவர் காதில் கிசுகிசுத்தானாம் ஜாக்கி.

அந்தக் கிசுகிசுப்பைப் பலரும் வேடிக்கையாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. அப்பா கைவிடமாட்டார் என்ற நம்பிக்கை அந்தப் பிள்ளையிடம் இருந்தது. ஆனாலும் அழுகை வந்தது. சில நிமிடமாவது அந்தப் பயம் அவனுக்குள் நிஜமாக இருந்திருக்க வேண்டும். அந்தக் கண்ணீருக்குத்தான் உலகம் காசு கொடுத்தது. இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் பின்னாளில் அவன் சம்பாத்தியத்துக்காக நடந்த வழக்கில், அவன் கேமரா முன் விளையாடிக்கொண்டுதானே இருந்தான் என்று வாதிட்டவர்கள் உண்டு.

1921 ஜனவரியில் படம் வெளிவந்தபோது அவனுக்கு வயது 6. அடுத்த ஆண்டே ‘ஆலிவர் ட்விஸ்ட்’ படத்தின் நாயகன். 1923இல் மெட்ரோ திரைப்பட நிறுவனம் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதற்கு மட்டும் 5 லட்சம் டாலர் கொடுத்தது. அவன் முகம் பதித்த பொம்மைகள் விற்றன. பீனட் பட்டர் டப்பாவிலும் அவன்தான். 1927இல் அவன் முடியை வெட்டியது நாடெங்கும் செய்தியானது. அதை வைத்தே ஒரு படமும் எடுத்தார்கள். வீட்டில் அவனுக்குக் கிடைத்த கைச்செலவுப் பணமோ வாரம் ஆறேகால் டாலர்.

1924இல், பத்து வயது நிறையாத அந்தப் பையன் அண்மைக் கிழக்கு நாடுகளின் அகதிக் குழந்தைகளுக்காக நிதி திரட்டப் புறப்பட்டான். ஆர்மீனியர் மீதான இனப்படுகொலையிலும் துருக்கி-கிரேக்கப் போரிலும் பெற்றோரை இழந்த பிள்ளைகள் அவர்கள். ‘நியர் ஈஸ்ட் ரிலீஃப்’ அமைப்பின் சார்பில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சுற்றி, 10 லட்சம் டாலருக்கும் மேல் மதிப்புள்ள உணவும் உடையும் சேரக் காரணமானான். திருத்தந்தை பதினோராம் பயஸ் அவனை வரவேற்றார். திரையில் அநாதையாக நடித்தவன் மெய்யான அநாதைகளின் வயிற்றுக்குச் சோறு சேர்த்தான். அவன் செய்தவற்றில் இதையே நான் முதலில் வைப்பேன்.

வளர்ந்ததும் படங்கள் குறைந்தன. 1935 மே மாதம் சான் டியேகோ அருகே நேர்ந்த கார் விபத்தில் தந்தை இறந்தார். ‘டாம் சாயர்’ படத்தில் உடன் நடித்த நண்பர் ஜூனியர் டர்கினும் அதிலேயே போய்விட்டார். காரில் இருந்தவர்களில் பிழைத்தவர் ஜாக்கி ஒருவர்தான். சில மாதங்களில் 21 வயது நிறைந்தது. தாம் சம்பாதித்த பணம் கைக்கு வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. தாய், குடும்பத்தின் கணக்குவழக்கைப் பார்த்துவந்த ஆர்தர் பெர்ன்ஸ்டீனை மறுமணம் செய்துகொண்டார். 1938இல் ஜாக்கி இருவர் மீதும் வழக்குத் தொடுத்தார்.

அன்றைய கலிஃபோர்னியச் சட்டப்படி, வயது வராத பிள்ளை சம்பாதிப்பது பெற்றோருக்கே சொந்தம். தாயும் அதைத்தான் சொன்னார். மகனுக்கு எதையும் தருவதாக வாக்களிக்கவில்லை என்றார். 30 லட்சம் முதல் 40 லட்சம் டாலர் வரை ஈட்டியதாக மதிப்பிடப்பட்ட அந்தப் பிள்ளையின் சொத்தில் எஞ்சியிருந்தது சுமார் இரண்டரை லட்சம். சமரசமாகி, செலவு போக 1939இல் கைக்கு வந்தது சுமார் 1,26,000 டாலர். நொடித்துக் கிடந்த காலத்தில் சாப்ளினிடம் போய் நின்றார். அவர் தயங்காமல் 1,000 டாலர் கொடுத்தார்.

தாயைத் தூற்றுவது எளிது. என் கோபம் சட்டத்தின் மீது. உழவு நிலத்திலும் ஆலையிலும் பிள்ளைகள் குடும்பத்துக்காக உழைத்த காலத்து விதி அது. பெற்றோர் உழைத்துப் பிள்ளையும் கைகொடுக்கும் குடும்பத்துக்கு அது பொருந்தியிருக்கலாம். ஒரு பிள்ளையின் உழைப்பில் வீடே நிற்கும்போது, அதே விதி சுரண்டலுக்குக் காவல் நிற்கிறது.

அந்த வழக்கு எழுப்பிய கொதிப்பால் 1939இல் கலிஃபோர்னியா குழந்தை நடிகர் சட்டம் பிறந்தது. மக்கள் அதைக் ‘கூகன் சட்டம்’ என்றார்கள். நீதிமன்றம் ஏற்கும் ஒப்பந்தங்களில், வருவாயில் ஒரு பங்கைப் பிள்ளையின் பெயரில் ஒதுக்கி வைக்குமாறு நீதிபதி ஆணையிடலாம். ஆனால் நீதிமன்றத்துக்கே வராத ஒப்பந்தங்கள் ஏராளம். ஆணை இருந்தும் காப்பாற்றப்படாதவர் உண்டு: குழந்தை நட்சத்திரம் ஷிர்லி டெம்பிள் 30 லட்சம் டாலருக்கு மேல் சம்பாதித்து, கடைசியில் தமக்கென்று மிஞ்சியது 44,000 டாலர் என்று கண்டவர்.

இரண்டாம் உலகப் போரில் ஜாக்கி கிளைடர் விமானியானார். 1944 மார்ச்சில் அசாமிலிருந்து புறப்பட்டு, பர்மாவில் ஜப்பானியப் படைகளின் பின்புறம், இருட்டில் காட்டுவெளிகளில் பிரிட்டிஷ் தளபதி விங்கேட்டின் வீரர்களை இறக்கிய படையணியில் அவரும் இருந்தார். திரும்பி வந்தபின் சின்னச் சின்ன வேடங்கள். 1964 முதல் 1966 வரை ‘தி ஆடம்ஸ் ஃபேமிலி’ தொடரில் மொட்டைத் தலை ஃபெஸ்டர் மாமாவாக வந்து, வாயில் வைத்த மின்விளக்கை எரியவைத்து, புதிய தலைமுறையைச் சிரிக்கவைத்தார். ‘தி கிட்’ சிறுவன்தான் இவர் என்று அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்! 1984 மார்ச் 1 அன்று, 69ஆம் வயதில் காலமானார்.

சட்டம் செம்மையானதை அவர் பார்க்கவில்லை. முன்னாள் குழந்தை நடிகர் பால் பீட்டர்சன் போன்றோர் விடாமல் போராடியதால் 2000 ஜனவரியில் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. பிள்ளை சம்பாதிப்பது பிள்ளைக்கே சொந்தம் என்றானது. ஒவ்வொரு சம்பளத்திலும் 15 விழுக்காட்டை, 18 வயது வரை எவரும் தொட முடியாத கணக்கில் முதலாளியே போட வேண்டும். 2024இல் இயற்றிய சட்டங்களால், இணையக் காணொளிகளில் தோன்றிப் பணம் ஈட்டித்தரும் பிள்ளைகளுக்கும் கலிஃபோர்னியா இத்தகைய பாதுகாப்பை நீட்டியிருக்கிறது.

இது பெரிய முன்னேற்றம். ஆனால் 15 போதாது என்பது என் கருத்து. மீதி 85 விழுக்காடும் ஏட்டில் பிள்ளையுடையதே. பெற்றோர் அதைச் செலவழித்துத் தீர்த்துவிட்டால், அதைக் கேட்க அந்தப் பிள்ளை தன் தாய்தகப்பன் மீதே வழக்குப் போட வேண்டியிருக்கிறது. 1938இல் ஜாக்கிக்கும் அந்த ஒரு வழிதான் இருந்தது.